மரபுத் தொடர்வண்டிப் பெட்டிகளின் மீட்டுருவாக்கம்: வைட் தீவுத் தன்னார்வலர் பணி – ஓர் அறிமுகம்

முன்னுரை

பழம்பொருளைப் பேணுதல் என்றவுடன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையே பெரும்பாலும் நம் நினைவிற்கு வருகின்றது. ஆயின், வழக்கிழந்த ஒரு பொருளை மீண்டும் பயன்பாட்டிற்குக் கொண்டுவருவதும் பேணுதலின் ஒரு வகையேயாகும். அவ்வாறு செய்யுங்கால் பழைமையில் எதனைக் காக்கிறோம், எதனை இழக்கிறோம் என்னும் வினா எழுகின்றது. இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துள்ள வைட் தீவில் பழைய தொடர்வண்டிப் பெட்டிகளைச் சீரமைக்கும் பணியைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை நாம் இங்கு ஆராய்கிறோம்.

பின்னணி

தன்னார்வலர்கள் ஒரு தொடர்வண்டிப் பாதையை ஏற்று நடத்தும் வழக்கம் வேல்ஸ் நாட்டின் டாலிலின் பாதையில் 1951ஆம் ஆண்டு தொடங்கியது. உலகில் இதுவே முதல் முயற்சி என்பர். வைட் தீவில் ரைடு, கவ்ஸ் ஆகிய நகரங்களை இணைத்த பாதை 1966இல் மூடப்பட்டது. 1971இல் ஆர்வலர்கள் ஹேவன்ஸ்ட்ரீட் நிலையத்தை நடுவமாகக் கொண்டு அதன் ஒரு பகுதிக்குப் புத்துயிர் அளித்தனர். 1991இல் நீராவி வண்டிகளின் ஓட்டம் ஸ்மால்புரூக் சந்திப்பு வரை நீண்டது.

பெட்டிகளின் வரலாறு

இத்தீவிற்குப் பெருநிலத்தில் ஓடித் தேய்ந்த பெட்டிகளே பெரும்பாலும் வந்து சேர்ந்தன. 1923இல் சதர்ன் இரயில்வே பொறுப்பேற்றபின் விக்டோரியா காலத்து நான்கு சக்கரப் பெட்டிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. சக்கரங்களும் அடிச்சட்டமும் நீக்கப்பட, மரத்தாலான உடற்பகுதி மட்டும் விற்கப்பட்டது. வாங்கியோர் அதனைக் கடற்கரைக் குடிலாகவும் வீடாகவும் தோட்டக் கொட்டகையாகவும் ஆக்கிக்கொண்டனர். மேலே தனிக்கூரை வேயப்பட்ட பெட்டிகள் மழைக்குத் தப்பிப் பல பத்தாண்டுகள் நிலைத்தன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

சீரமைப்பு முறை

மீட்கப்பட்ட உடற்பகுதியை முதற்கண் அளந்து, படமெடுத்து, பின்வந்தோர் சேர்த்தவற்றை நீக்குவர். வண்ணப் பூச்சினை அடுக்கடுக்காகச் சுரண்டுகையில் பழைய நிறமும் எண்ணும் சில வேளைகளில் வெளிப்படும். நீர் தங்கும் கீழ்ச்சட்டங்களும் கதவின் அடிப்பகுதிகளுமே எளிதில் உளுத்துப்போவன. உளுத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அவ்விடத்தில் புதுமரத்தை இணைப்பதே நன்முறையாகும். கூரைமீது கித்தான் துணி போர்த்தி வண்ணம் பூசுவர்.

அடிச்சட்டம் இல்லாமையே பெருஞ்சிக்கலாகும். அதனால், சதர்ன் இரயில்வே பொதிகளை ஏற்றிச் செல்வதற்கு உருவாக்கிய நான்கு சக்கர வேன்களின் எஃகுச் சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அதன்மேல் பழைய உடற்பகுதியைப் பொருத்துகின்றனர்.

எது பழைமை?

இவ்வாறு உருப்பெறும் பெட்டியின் உடற்பகுதி ஒரு காலத்தது. அடிச்சட்டம் பிறிதொரு காலத்தது. பலகைகளுட் சிலவோ அண்மையில் இழைக்கப்பட்டவை. இதனைப் பழம்பெட்டி எனலாமா? மூலப்பொருளே பழைமை எனக் கொள்வோர் தயங்குவர். சுவடிப் பதிப்பில் பழகிய நமக்கு இவ்வினா புதிதன்று. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்பவர், சிதைந்த இடத்தைத் தம் ஊகத்தால் நிரப்பலாம். ஆயின், நிரப்பியதை அடையாளமிட்டுக் காட்டுதல் வேண்டும். அதுபோலவே, எப்பலகை புதியது, எச்சட்டம் வேறு வண்டியினது என்னும் குறிப்புகளைப் பேணும் வரையில் அப்பெட்டி போலியாகாது எனக் கருதுகிறோம்.

மேலும், மரம் மாறினும் அதனை இழைக்கும், இணைக்கும் முறை தொடர்கின்றது. அம்முறை ஏட்டில் முழுதும் அடங்குவதன்று. வல்லார் அருகிருந்து கண்டு, கைப்பழக்கத்தால் பெறப்படுவது. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட பெட்டி மூலப்பொருளைக் காக்கலாம். அதனை ஆக்கும் திறனைக் காத்தல் அரிது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மீட்டுருவாக்கத்தில் பொருளோடு தொழிலறிவும் காக்கப்படுகின்றது என்பது பெறப்படும். ஊதியம் கருதாத இத்தகைய பணியில், கற்பிக்க மூத்தோர் இருக்கும்போதே கற்பதற்கு இளையோர் முன்வருதல் வேண்டும். இடையில் ஒரு தலைமுறை விடுபடின், பெட்டிகள் எஞ்சினும் அவற்றைச் செப்பனிடும் கைகள் எஞ்சா. மொழியையும் மரபையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் ஆசிரியப் பணியில் உள்ள நாமும் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.