தாம் அறியாத வட்டாரச் சொற்கள்: ஆங்கிலம் பேசுவோரின் அன்றாடச் சொல்வழக்கில் இட வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

அச்சும் பள்ளிக்கல்வியும் நெடுங்காலமாக ஒருமைப்படுத்தி வந்துள்ள மொழி ஆங்கிலம். ஆயினும் ரொட்டி, வாளி, குளிர்பானம், தெருவோரப் புல்தரை போன்ற அன்றாடப் பொருள்களின் பெயர்கள் அம்மொழி பேசுவோரிடையே இடத்திற்கு இடம் வேறுபடுகின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த கள ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு இவ்வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. தம் சொல் வட்டாரத்திற்கு உரியது என்பதைப் பேசுவோர் அறியாதிருப்பதே அச்சொல் நிலைபெறுவதற்கும், அது ஒருவரின் ஊரைக் காட்டும் சான்றாவதற்கும் காரணம் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கிளைமொழி, வட்டாரச் சொல், சொல் நிலவியல், குடியேற்றம், தடயவியல் மொழியியல்

முன்னுரை

செந்தமிழ் நிலத்திற்கு அப்பால் வழங்கும் சொற்களைத் திசைச்சொல் எனத் தொல்காப்பியம் தனியே வகைப்படுத்தியது. சொல்லுக்கும் நிலத்திற்கும் உள்ள உறவு தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பாடநூல் வழியாக அதனைக் கற்போர் அதனை ஒரே சீரான மொழியாகவே எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் அறிவியல், சட்டம், நிருவாகம் ஆகியவற்றின் சொற்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும்; அடுக்களைக்கும் தெருவுக்கும் பொருந்தாது. மான்செஸ்டர் நகரில் 'பார்ம்' எனப்படும் சிறு ரொட்டி, நாட்டிங்காமில் 'காப்' எனவும் காவென்ட்ரியில் 'பேட்ச்' எனவும் பெயர் பெறுகிறது. இம்மூன்று நகரங்களும் ஒரே நாட்டில், சில மணிநேரப் பயணத் தொலைவில் உள்ளவை.

வினவும் முறை

வட்டாரச் சொல்லைத் திரட்டுவதில் அடிப்படையான இடர் ஒன்று உண்டு. ஆய்வாளர் ஒரு சொல்லைக் கூறி 'இதனைப் பயன்படுத்துவீர்களா?' என வினவினால், எதிரிலிருப்பவர் தம் சொல்லை விடுத்து அதனையே ஏற்றுக்கொள்ளக்கூடும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஆர்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை நடைபெற்ற ஆங்கிலக் கிளைமொழிகள் அளவாய்வு இவ்விடரைத் தவிர்த்தது. ஆய்வாளர்கள் பொருளைக் காட்டினர். அல்லது அதன் தன்மையை விளக்கினர். அல்லது வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தி, எஞ்சிய சொல்லை எதிரிலிருப்பவரே கூறுமாறு விட்டனர். 313 இடங்களில், பெரும்பாலும் சிற்றூர் முதியோரிடம், 1,300 வினாக்கள் இவ்வாறு கேட்கப்பட்டன.

இலையுதிர் காலத்தின் பெயர் இவ்வளவாய்வின் பயனை உணர்த்தும். பொது ஆங்கிலத்தில் 'ஆட்டம்' எனப்படும் இப்பருவம் வட இங்கிலாந்தின் சிற்றூர்களில் 'பேக்எண்ட்' எனப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் சில பகுதிகளில் 'ஃபால்' என்னும் சொல் வழங்கியது. இன்று அமெரிக்கச் சொல்லாகவே கருதப்படும் 'ஃபால்', இங்கிலாந்திலிருந்து குடியேறியோர் கொண்டு சென்றதே. தாயகத்தின் பொது வழக்கில் அருகிய சொல், கடல் கடந்த நிலத்தில் பொது வழக்காயிற்று.

குடியேற்றமும் சொல் எல்லையும்

ஒரு சொல் வழங்கும் பரப்பின் விளிம்பை நிலப்படத்தில் கோடாக வரைவது கிளைமொழியியலின் வழக்கம். ஹான்ஸ் குராத் 1949இல் வெளியிட்ட கிழக்கு அமெரிக்கச் சொல் நிலவியல் நூலில் இக்கோடுகள் பல இடம்பெற்றன. நீர் முகக்கும் கலம் வடபகுதியில் 'பெய்ல்' எனவும், நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் 'பக்கெட்' எனவும் வழங்கியது. தட்டானுக்கு வடக்கில் 'டார்னிங் நீடில்' என்றும் நடுப்பகுதியில் 'ஸ்நேக் ஃபீடர்' என்றும் பெயர். முன்னது தைக்கும் ஊசி என்றும், பின்னது பாம்புக்கு இரையூட்டுவது என்றும் பொருள்படும்.

இக்கோடுகள் மாநில எல்லைகளோடு ஒத்துச் செல்லவில்லை. பென்சில்வேனியா ஒரே மாநிலமாயினும் அதன் வடவிளிம்பு வடபகுதிச் சொற்களையும் எஞ்சிய பரப்பு நடுப்பகுதிச் சொற்களையும் கொண்டிருந்தது. வடவிளிம்பில் நியூ இங்கிலாந்து, நியூயார்க் பகுதிகளிலிருந்து வந்தோர் குடியேறினர். தெற்கே பிலடெல்பியா வழியாக வந்தோர் பரவினர். அரசு வரைந்த எல்லையைவிட முதற்குடியினர் நடந்த வழியே சொற்பரப்பை வரையறுத்தது என்பது இதனால் பெறப்படும்.

வணிகமும் ஊராட்சியும்

குடியேற்றம் முடிந்த பின்னர்த் தோன்றிய பொருள்களுக்கும் வட்டாரப் பெயர்கள் அமைந்தன. வளிமம் ஏற்றிய இனிப்புக் குளிர்பானம் அமெரிக்க வடகிழக்கிலும் கலிபோர்னியாவிலும் 'சோடா' எனப்படும். நடுமேற்கில் 'பாப்' எனப்படும். தென்மாநிலங்களில் எந்த நிறுவனத்தின் பானமாயினும் 'கோக்' என்றே பலர் கூறுவர். 1886இல் தென்னகத்து நகரான அட்லாண்டாவில் தோன்றிய பானத்தின் பெயர், அப்பகுதியில் இனம் முழுமைக்கும் பொதுப்பெயராக விரிந்தது.

நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட புல்தரை இன்னும் நுண்மையான சான்றாகும். பிரிட்டனில் இது 'வெர்ஜ்'; ஆஸ்திரேலியாவின் பல பகுதிகளில் 'நேச்சர் ஸ்ட்ரிப்'; அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 'ட்ரீ லான்'; அதற்கு அண்மையிலுள்ள அக்ரானில் 'டெவில் ஸ்ட்ரிப்'. இப்பொருள் பள்ளிப் பாடத்தில் இடம்பெறுவது அரிது. நாடளாவிய செய்தியிலும் அவ்வாறே. அயலாரோடும் நகராட்சியோடும் பேசும்போதே இதன் பெயர் தேவைப்படுகிறது. ஆகவே ஒருவரின் சொல்லைத் திருத்தும் வாய்ப்பு எழுவதில்லை.

அறியாமையே சான்றாதல்

உச்சரிப்பு வேறுபாட்டைப் பேசுவோர் விரைவில் உணர்வர். பிறர் அதனைக் கேட்டு நகைப்பதும் உண்டு. வீட்டில் கற்ற பொருட்பெயரோ, அப்பொருளின் இயல்பான பெயராகவே மனத்தில் பதிகிறது. இவ்வேறுபாட்டின் விளைவு தடயவியல் மொழியியலில் நன்கறியப்பட்ட ஒரு வழக்கில் புலப்பட்டது. கடத்தப்பட்ட பெண்ணொருத்தியின் விடுதலைக்குப் பணம் கோரி எழுதப்பட்ட கடிதம் மொழியியலாளர் ரோஜர் ஷையிடம் தரப்பட்டது. அதில் எளிய சொற்கள் பிழையாகவும் கடினமான சொற்கள் சரியாகவும் எழுதப்பட்டிருந்தன. எனவே எழுதியவர் கல்லாதவர்போல் நடிக்கும் கற்றவர் என அவர் கருதினார். பணத்தை வைக்க வேண்டிய இடமோ 'டெவில் ஸ்ட்ரிப்' எனக் குறிக்கப்பட்டிருந்தது. அக்ரானைச் சேர்ந்த கற்றவர் ஒருவர் ஐயத்திற்குரியோர் பட்டியலில் இருந்தார். பின்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எழுத்துப்பிழையைத் திட்டமிட்டுச் செய்தவரால் தம் ஊர்ச்சொல்லை மறைக்க இயலவில்லை. மறைக்க வேண்டிய ஒன்று அங்கிருப்பதையே அவர் அறியவில்லை. இவ்வறியாமையே அச்சொல்லுக்குச் சான்று மதிப்பை அளித்தது. எனினும் ஒரு சொல்லை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தல் இயலாது. ஊர்விட்டு ஊர் சென்றோரும் அச்சொல்லைக் கற்றிருக்கலாம். தேடலின் பரப்பைச் சுருக்குவதே அதன் பணி.

இதே அறியாமை தீங்கு விளைவிக்கவும் கூடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் காசிடி தொடங்கிய அமெரிக்க வட்டார ஆங்கில அகராதிக்காக 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களில் கள ஆய்வு நடைபெற்றது. 1985இல் வெளிவரத் தொடங்கிய இவ்வகராதி நோய்களின் நாட்டுப்புறப் பெயர்களையும் பதிவு செய்துள்ளது. தென்மாநில நோயாளி தம் காலில் 'டியூ பாய்சன்' வந்துள்ளதாகக் கூறினால், பனித்துளி பட்டதால் உண்டானதாகக் கருதப்படும் தோல் அழற்சியை அவர் குறிப்பிடுகிறார். வேற்றுப் பகுதியிலிருந்து வந்த மருத்துவருக்கு இது நஞ்சுண்ட செய்தியாகத் தோன்றலாம். நோயாளி தெளிவாகவே பேசியதாக எண்ணுவார். மருத்துவரும் தெளிவாகவே கேட்டதாக எண்ணுவார்.

மாற்றமும் நிலைபேறும்

2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கைப்பேசிச் செயலி வழியே திரட்டிய தரவுகள் ஆர்டனின் தரவுகளோடு ஒப்பிடப்பட்டன. 'பேக்எண்ட்' ஏறத்தாழ மறைந்திருந்தது. தோலில் ஏறும் மரச்சிராய்க்குப் பல வட்டாரப் பெயர்கள் இருந்த இடங்களில் 'ஸ்ப்ளின்டர்' என்னும் பொதுச்சொல் பரவியிருந்தது. நியூகாசில், சண்டர்லாந்து பகுதிகளிலோ 'ஸ்பெல்க்' என்னும் பழஞ்சொல் நீடித்தது. பருவத்தின் பெயர் பாடநூலிலும் நாள்காட்டியிலும் செய்தியிலும் நாள்தோறும் எதிர்ப்படுவது. சிராயோ வீட்டில் தாய் களைவது. அச்சு மொழியோடு அடிக்கடி மோதும் சொல் தளர்வதும், வீட்டளவில் நிற்கும் சொல் தாக்குப்பிடிப்பதும் இயல்பென இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கருதலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அன்றாடச் சொற்களின் பரப்பைக் குடியேற்ற வழியும் வணிகமும் ஊராட்சியும் வரையறுக்கின்றன. பொது வழக்கோடு உரசாத சொல் வட்டாரத் தன்மையை இழக்காது நிற்கிறது. அதனைப் பேசுவோர் அதன் எல்லையை அறியாதிருப்பதால், அச்சொல் அவரது ஊருக்குச் சான்றாகவும், சில வேளைகளில் அவருக்கே இடராகவும் அமைகிறது. ஆகவே வட்டாரச் சொல்லைத் தொகுப்போர் அரிய சொற்களைத் தேடுவதோடு அமையாது, எவரும் வட்டாரச் சொல்லெனக் கருதாத எளிய பொருட்பெயர்களையும் வினவுதல் வேண்டும். 'உங்கள் ஊருக்கே உரிய சொல் எது?' என்னும் வினாவுக்கு அத்தகைய சொல் விடையாக வருவதில்லை. பொருளைக் காட்டி 'இதன் பெயர் என்ன?' எனக் கேட்கும்போதே அது வெளிப்படுகிறது.