வீடு வாங்கினால் அரசாங்கம் பணம் தருமா?



'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று நம் வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. வீடு என்றால் அவ்வளவு செலவு. ஆனால் அமெரிக்காவில் சில வருடங்கள் முன்பு, முதல்முதலாக வீடு வாங்கியவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. சும்மாவா கொடுத்தாங்க? வாங்க, பார்ப்போம்.

2008-ல் அங்கே வீட்டு விலை மளமளவென்று இறங்கியது. கடன் கட்ட முடியாமல் பலர் வீட்டை இழந்தார்கள். வாங்க ஆள் இல்லை. அதனால் மக்களை வீடு வாங்க வைக்க அரசாங்கம் 'டேக்ஸ் கிரெடிட்' கொண்டு வந்தது. தமிழில் 'வரி வரவு' என்று சொல்லலாம்.

வரிக் கழிவு வேறு, வரி வரவு வேறு. 15 சதவீதம் வரி கட்டும் ஒருவருக்கு 8,000 டாலர் கழிவு கிடைத்தால், அவர் வருமானத்தில்தான் 8,000 குறையும். மிச்சமாவது 1,200 டாலர்தான். வரி வரவு என்றால் கட்ட வேண்டிய வரியிலேயே முழு 8,000 குறையும். அவருக்கு வரியே 3,000 டாலர்தான் என்றால்? அந்த 3,000 கட்ட வேண்டாம். மீதி 5,000 டாலரை அரசாங்கம் கையில் கொடுத்துவிடும்! அதனால் வரி குறைவாகக் கட்டும் ஏழைக்கும் முழுப் பலன் உண்டு.

எவ்வளவு கிடைக்கும்? வீட்டு விலையில் 10 சதவீதம். 2008-ல் உச்ச வரம்பு 7,500 டாலர், 2009-ல் 8,000 டாலர். 60,000 டாலர் வீடு என்றால் 6,000. எவ்வளவு பெரிய வீடு வாங்கினாலும் வரம்புக்கு மேல் கிடைக்காது. அதிக வருமானம் உள்ளவர்களுக்குக் கிடையாது. முந்தைய 3 வருடம் சொந்த வீட்டில் குடியிருக்காதவர் எல்லாருமே 'முதல்முறை வாங்குபவர்' என்று கணக்கு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 2008 ஏப்ரல் 9 முதல் டிசம்பர் 31 வரை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது உண்மையில் வட்டியில்லாக் கடன். 7,500 வாங்கியவர் வருடம் 500 வீதம் 15 வருடம் திருப்பிக் கட்டணும். அந்தத் தவணை 2024-ஆம் வருட வரிக் கணக்கோடுதான் முடிந்தது. 2009 ஜனவரி 1 முதல் வாங்கியவர்களோ, 3 வருடம் அதே வீட்டில் குடியிருந்தால் ஒரு டாலர்கூடத் திருப்ப வேண்டாம். இத்தனைக்கும் அந்தப் புதிய சட்டம் வந்ததே 2009 பிப்ரவரியில்தான். பக்கத்து பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஒருத்தருக்குக் கடன், இன்னொருத்தருக்கு இனாம். இது நியாயமா? நீங்களே சொல்லுங்க.

ஏமாற்றும் நடந்தது. 18 வயது நிரம்பாத 500-க்கும் மேற்பட்டவர்கள் பெயரில் இந்தப் பணம் கேட்கப்பட்டதை 2009-ல் தணிக்கை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அதில் ரொம்பச் சின்னவருக்கு 4 வயது! பால்வாடி போகிற பிள்ளை வீடு வாங்குமா? பெரியவங்கதானே எழுதியிருப்பாங்க. அதற்கப்புறம்தான் 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

வீடு வாங்க ஒப்பந்தம் போடக் கடைசி நாள் 2010 ஏப்ரல் 30. சலுகை முடிந்ததும் ஜூலை மாதம் பழைய வீடுகளின் விற்பனை முந்தின மாதத்தைவிட சுமார் 27 சதவீதம் விழுந்தது. தள்ளுபடி முடிந்த மறுநாள் துணிக்கடை மாதிரி. பிறகு வாங்க இருந்தவர்களில் பலர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. பெரும்பாலும் இந்தப் பணம் வீடு வாங்கிய பிறகுதான் கைக்கு வந்தது. முன்பணமே இல்லாதவர் எப்படி வாங்குவார்? வாடகை வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே தோழிகளே, யார் சலுகை என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். திருப்பிக் கட்டணுமா? எந்தத் தேதிக்குள்? யாருக்குக் கிடைக்காது? கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடியே கேளுங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி