நான்கு பழைய படங்கள்

சினிமா சாஸ்திரம் நமக்குத் தெரியாது. ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் ரஸத்தில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லும் பாத்தியதை உண்டல்லவா? அந்தப் பாத்தியதையைக் கொண்டு, கோடை விடுமுறையில் வீட்டுக் கூடத்திலிருந்தபடியே பார்த்த நான்கு பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்லத் துணிகிறோம்.

எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) கண்ணுக்குப் பெருவிருந்து. பிரம்மாண்டமான முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள். எம். கே. ராதாவும் ரஞ்சனும் செய்யும் வாட்போர் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆயினும் மறுநாள் காலையில் சந்திரலேகாவைப் பற்றி நமக்கு ஒரு கவலையும் மிஞ்சவில்லை.

'சபாபதி' (1941) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே புத்தி. டி. ஆர். ராமச்சந்திரன் விழிப்பதும், காளி என். ரத்தினம் சொன்னதைச் சொன்னபடியே செய்து தொலைப்பதும் வயிற்றைப் புண்ணாக்குகின்றன. அதில் தமிழ் வாத்தியார் படும் பாட்டைக் கண்டு, பள்ளிக்கூடத்தில் பிழைப்பவர் என்ற முறையில், நாம் கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். சிரிப்பு முந்திக்கொண்டது.

இனி 'நாம் இருவர்' (1947). சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பு, பொங்கலையொட்டி வெளிவந்த படம். விடுதலையை அடைந்துவிட்டதாகவே பாவித்துப் பாரதியார் பாடிய பள்ளுக்கு, டி. கே. பட்டம்மாளின் குரலில், குழந்தை கமலா ஆடுகிறாள். அந்தச் சில நிமிஷங்களுக்காக ஏ. வி. மெய்யப்பச் செட்டியாருக்குத் தமிழ்நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் பாட்டு வந்தால் கதை எழுந்து வெளியே போய்விடுகிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் நம்மைப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறார்கள். தேசபக்தியை ஊட்டும் படம்தான், கரண்டியால் ஊட்டுகிறது. கிழவர் வேஷத்தில் வரும் வி. கே. ராமசாமி மட்டும் பிரசங்கத்தில் அகப்படாமல் தப்பிவிடுகிறார். அப்போது அவருக்கு இருபத்தோரு வயதுகூட நிரம்பவில்லை என்பதை நம்புவது கஷ்டம்.

நம் மனத்தைவிட்டு அகலாதது 'சேவாசதனம்' (1938). கே. சுப்பிரமணியம் எடுத்தது, எம். எஸ். சுப்புலக்ஷ்மிக்கு முதல் படம். மூலக்கதை பிரேம்சந்தின் நாவல். மிகவும் மூத்த கணவருக்கு வாழ்க்கைப்பட்ட சுமதி, ஒரு நாள் நேரங்கழித்து வீடு திரும்புகிறாள். கணவர் சந்தேகப்பட்டுத் துரத்திவிடுகிறார். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். படிப்பில்லை, சம்பாத்தியமில்லை, நம்பிப் போக ஒரு வாசலில்லை. பிறகு அவள் போய்ச் சேரும் இடத்தைக் குறித்து ஊர் முகஞ்சுளிக்கிறது. துரத்தியவரைப் பார்த்து யாரும் சுளிப்பதில்லை. அந்த வேஷத்தில் நடித்த எப். ஜி. நடேசய்யர் மனம் வெதும்பிப் பூணூலை வீசியெறியும் காட்சி அக்காலத்து வைதிகர்களைக் கொதிக்க வைத்ததில் ஆச்சரியமில்லை.

இது பழங்கதையா? நாவலில் தகப்பனார் நேர்மையான போலீஸ் அதிகாரி. மகளின் வரதட்சணைக்காகவே முதன்முதல் லஞ்சம் வாங்கிச் சிறைக்குப் போகிறார். அதனால்தான் அவள் பொருந்தாத இடத்தில் தள்ளப்படுகிறாள். 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. நம்முடைய வீடுகளில் பவுன் கணக்குப் பேசுவது நின்றுவிட்டதா என்பதை, மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கும் நேயர்களே சொல்லட்டும். 'நாம் இருவர்' கேட்ட சுதந்திரம் அதே வருஷம் வந்துவிட்டது; சுமதி கேட்டது இன்னும் பல வீடுகளில் வந்து சேரவில்லை.

கதையின் முடிவில் ஒன்று நமக்கு உறுத்துகிறது. நாவலில், துரத்திய கணவன் காவி கட்டிக்கொண்டு சாதுவாகிவிடுகிறான், எல்லாரும் வணங்குகிறார்கள். துரத்தப்பட்டவளுக்கோ, கூடப்பிறந்த தங்கையின் வீட்டிலேயே மரியாதையில்லை.