விளைஞ்சும் கடன் ஏன் தீரல? கண்டரமாணிக்கத்துல இருந்து ஒரு பண்ணைக் கணக்கு

இந்த எபிசோட் ஊர்ல ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கிற, ஆனா சென்னையிலோ பெங்களூருலோ உட்கார்ந்து "ஒருநாள் வேலையை விட்டுட்டு விவசாயம் பார்க்கணும்"னு யோசிக்கிறவங்களுக்காக.

பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துல கண்டரமாணிக்கம்னு ஒரு நகரத்தார் ஊர். பெரிய பெரிய வீடுகள், ஊரைச் சுற்றி மழையை நம்பின கண்மாய்ப் பாசனம். இந்த மாதிரி செட்டிநாட்டு ஊர்கள்ல இருந்துதான் பர்மாவுக்குப் போய் வட்டித்தொழில் செஞ்சாங்க. பேரேடு, ஐந்தொகைன்னு கணக்கு எழுதுறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அவங்களையே ஒரு பண்ணைக் கணக்கு கவுத்துச்சு. அந்தக் கதையில நமக்கு ஒரு பாடம் இருக்கு.

கீழ்பர்மாவில் 1850-களில் நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930-களில் அது எண்பது லட்சத்தைத் தாண்டிடுச்சு. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேணும். அதைக் கொடுத்தது பெரும்பாலும் செட்டியார்கள், அடமானம் நிலம்.

1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்துச்சு. அடுத்த சில வருஷத்துல நெல் விலை பாதிக்கும் கீழே போச்சு. இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கடன் 100 ரூபாய்னு வச்சுக்கங்க. மூட்டை 2 ரூபாய்னா 50 மூட்டை வித்தா கடன் அடைஞ்சிடும். விலை 1 ரூபாய் ஆனா 100 மூட்டை விக்கணும். விளைச்சல் குறையல, விவசாயி சோம்பேறியும் இல்ல. கடன் மட்டும் அசையாம நின்னுச்சு.

விளைவு? முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930-களின் கடைசியில் அது சுமார் 25 சதவீதம். அவங்க கேட்டது பணம், கிடைச்சது நிலம். 1942-ல் ஜப்பான் படையெடுப்பு, 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம். விவசாயி முதல்ல நிலத்தை இழந்தார், கடன் கொடுத்தவர் பிறகு அதே நிலத்தை இழந்தார்.

சரி, நம்ம ரெண்டு ஏக்கருக்கு வருவோம். ஒரு ஏக்கருக்கு உழவு, விதை, நடவு, உரம், அறுவடை மெஷின், கூடவே உங்க வீட்டு ஆட்களோட கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்னு உதாரணத்துக்கு வச்சுக்கலாம். வீட்டுக் கூலியை எழுதாம விட்டா வர்ற லாபம் பொய் லாபம். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையோடு சேர்த்து சாதாரண ரக நெல்லுக்குக் கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய்.

18 குவிண்டால் விளைஞ்சா வரவு 45,000, மிச்சம் 15,000. மழை பொய்த்து 12 குவிண்டாலே கிடைச்சா வரவு 30,000, மிச்சம் சைபர். கொள்முதல் நிலையம் வரை கொண்டு போக முடியாம வியாபாரிகிட்ட 2,000-க்குத் தள்ளினா 6,000 நஷ்டம். இந்த மூணு கணக்கையும் விதைக்கிறதுக்கு முன்னாடியே எழுதிப் பாருங்க.

கடன் வாங்கறதா இருந்தா நல்ல வருஷக் கணக்கை வச்சு வாங்காதீங்க, மோசமான வருஷக் கணக்கை வச்சு வாங்குங்க. தொடக்க வேளாண்மை கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடனைத் தவணைக்குள்ள கட்டினா வட்டி கிடையாது. தவணை தாண்டினா அந்தச் சலுகை போயிடும். அதனால கடன் தேதியும் அறுவடைத் தேதியும் ஒரே நோட்டுல பக்கத்துல பக்கத்துல இருக்கணும். பயிர்க் காப்பீட்டுல சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுற பிரீமியம் காப்பீட்டுத் தொகையில அதிகபட்சம் 1.5 சதவீதம்தான். அதையும் செலவுல சேர்த்துடுங்க.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருஷம் ஒரு குவிண்டால் விளைய நமக்கு எவ்வளவு செலவாச்சுப்பா?" பதில் தெரியலன்னா, உங்க முதல் விவசாய வேலை ஒரு நோட்டு வாங்குறதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!