அரிய கட்டிகள்: மருந்துக்கு முன் தேவை நோயின் சரியான பெயர்

புது தில்லி: நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்துகள் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், பாப்பனங்கோடு ஆகிய ஊர்களைக் கடந்து, கரமனை ஆற்றுப் பாலத்தின் வழியாக நகருக்குள் நுழைகின்றன. காலைப் பேருந்துகளில் வருவோரில், மடியில் பெரிய உறையுடன் அமர்ந்திருக்கும் சிலரை எப்போதும் காணலாம். அவர்கள் செல்லுமிடம், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையம். மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1981-இல் தொடங்கிய இம்மையத்தை நம்பியிருப்போரில் தென் தமிழக மக்களும் அடங்குவர்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது எல்லைக்கோடு மாறியது. மருத்துவத்துக்காகத் திருவனந்தபுரம் செல்லும் வழக்கம் மாறவில்லை. கரமனையோ, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதி. இசைப் புலவர் நீலகண்ட சிவன் வாழ்ந்த இடம். அங்கு உறவினர் வீட்டில் தங்கி, மருத்துவமனைக்குச் சென்று வருவோர் பலர்.

அந்த உறையில் இருப்பவை வெறும் காகிதங்கள் அல்ல. ஸ்கேன் படங்களுடன், கண்ணாடிச் சில்லுகளும், நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒரு மெழுகுக் கட்டியும் இருக்கும். நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசு அந்த மெழுகுக்குள் பதிந்திருக்கிறது. "பிளாக்' என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் அதுதான் பல நேரங்களில் உயிருக்கும் உயிரிழப்புக்கும் இடையே நிற்கிறது.

மாறிய முடிவு: கரமனையில் வசிக்கும், இக்கட்டுரையாளரின் உறவினர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ரத்தசோகை ஏற்பட்டது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. பின்னர் இரைப்பையில் கட்டி இருப்பது தெரிந்து, ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்து அகற்றினர். "மென்தசைக் கட்டி; அச்சம் தேவையில்லை' என்று ஆய்வறிக்கை கூறியது. குடும்பத்தினரும் நிம்மதி அடைந்தனர்.

ஓராண்டு கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புதிய கட்டிகள் தென்பட்டன. அப்போதுதான் பழைய பிளாக்கைத் தேடி எடுத்து, வேறொரு மையத்தில் மறு ஆய்வுக்குக் கொடுத்தனர். அது மென்தசைக் கட்டியே அல்ல என்பது அங்கு தெரியவந்தது. "ஜிஸ்ட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும், இரைப்பை-குடல் சுவரில் தோன்றும் அரிய வகைக் கட்டி அது. முதல் ஆய்வகத்தில் கூடுதலாக ஒரே ஒரு சாயப் பரிசோதனை செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அந்த ஆய்வகத்தைக் குறை கூறுவது எளிது. ஆனால், குறை அந்த ஓர் ஆய்வகத்தோடு முடிந்துவிடவில்லை.

பத்து லட்சம் பேரில்: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாகத் தோன்றும் புற்றுநோயை அரிய புற்றுநோய் என ஐரோப்பிய ஆய்வாளர்கள் வரையறுக்கின்றனர். ஜிஸ்ட் அதனினும் அரிது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 பேருக்கே வருகிறது. ஆனால், அரிய வகைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐரோப்பாவில் மொத்தப் புற்றுநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோர் இந்தப் பட்டியலில் அடங்குகின்றனர். தனித்தனியே அரியவை, கூட்டாகப் பார்த்தால் அரியவை அல்ல.

சிக்கல் என்னவெனில், பல கட்டிகள் நுண்ணோக்கியின் கீழ் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. கதிர் வடிவ உயிரணுக்கள் தென்பட்டால் அது மென்தசைக் கட்டியாகவோ, நரம்பு உறைக் கட்டியாகவோ, ஜிஸ்டாகவோ இருக்கலாம். குழந்தையின் எலும்பருகே சிறிய, நீல நிற, உருண்டை உயிரணுக்கள் தென்பட்டால் அது யூயிங் சார்கோமாவா, நிணநீர்ப் புற்றா, தசைப் புற்றா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

இங்குதான் அடுத்த இரு படிகள் வருகின்றன. முதலாவது, திசுவில் உள்ள குறிப்பிட்ட புரதங்களை எதிர்ப்புப் புரதங்களின் உதவியால் நிறமேற்றிக் காட்டும் சோதனை. ஜிஸ்ட் கட்டிகளில் ஏறத்தாழ 95 சதவீதம் "கிட்' என்ற புரதத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. இரண்டாவது, மூலக்கூறு பரிசோதனை. இது உயிரணுவின் மரபணுவையே வாசிக்கிறது. யூயிங் சார்கோமாவில் பெரும்பாலும் 11, 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு, இரு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு கண்டறியப்பட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

அனுபவம் மிக்க நாடுகளிலும் இவ்விஷயத்தில் தவறு நேர்கிறது. பிரான்ஸின் இரு மண்டலங்களிலும் இத்தாலியின் ஒரு மண்டலத்திலும் சார்கோமா நோயாளிகளின் திசுக்களை வல்லுநர்கள் மறு ஆய்வு செய்தனர். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் முதல் அறிக்கை ஏதேனும் ஒரு வகையில் திருத்தப்பட வேண்டியிருந்தது. 2016-இல் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வில், வல்லுநர்களே பார்த்து முடிவு செய்த 384 பேரில் 53 பேரின் நோய்ப் பெயரை மூலக்கூறு பரிசோதனை மாற்றியது. ஐரோப்பாவிலேயே நிலை இதுவெனில், ஒரே நோய்க்குறியியல் மருத்துவர் எல்லா உறுப்புகளின் திசுக்களையும் பார்க்க வேண்டிய நமது மாவட்ட நகரங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நாடாளுமன்றம் செய்த நன்மை: ஜிஸ்ட் நோய்க்கும் இந்திய நாடாளுமன்றத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்கு நினைவிருக்காது. அந்தக் கட்டிக்குக் காரணம் "கிட்' மரபணுவில் ஏற்படும் மாற்றமே என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் கண்டறிந்தனர். அதுவரை இந்நோய்க்கு வழக்கமான புற்றுநோய் மருந்துகள் ஏறக்குறையப் பயனற்றவையாகவே இருந்தன. ரத்தப் புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட இமாடினிப் மருந்து ஜிஸ்டையும் கட்டுப்படுத்துவது தெரிந்து, 2002-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அதே மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கோரியது. 2005-இல் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பழைய மருந்தின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருப்பதை நிரூபிக்காமல் காப்புரிமை கிடையாது எனக் கூறும் 3(டி) பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவையும் காரணம் காட்டி, நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. 3(டி) பிரிவை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய் செலவாகும் எனக் கூறப்பட்ட சிகிச்சை, இந்திய நிறுவனங்களின் மருந்தால் 10 ஆயிரம் ரூபாய்க்குள் சாத்தியமானது.

சட்டம் மருந்தை மலிவாக்கியது. ஆனால், நோயாளிக்கு அந்த மருந்துதான் தேவை என்பதை யார் சொல்வது? மென்தசைக் கட்டி என்று எழுதப்பட்ட அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு 3(டி) பிரிவால் எந்தப் பயனும் இல்லை.

ஜிஸ்ட் எனத் தெரிந்தால் மட்டும் போதாது. "கிட்' மரபணுவின் 11-ஆவது பகுதியில் மாற்றம் இருந்தால் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் மருந்து போதும். 9-ஆவது பகுதியில் மாற்றம் இருந்து நோய் பரவியிருந்தால், இரு மடங்கு அளவை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. வேறொரு மரபணுவில் ஏற்படும் குறிப்பிட்ட ஒரு மாற்றத்துக்கு இமாடினிப் வேலையே செய்யாது. அதற்கான தனி மருந்து 2020-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எந்தப் பகுதியில் மாற்றம் என்பதைச் சொல்லாத அறிக்கை, கதவு எண் எழுதப்படாத முகவரி போன்றது.

திட்டங்களின் இடைவெளி: 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஆனால், அடிப்படையில் அது மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுவோருக்கானது. சேர்வதற்கு முந்தைய 3 நாள்களின் பரிசோதனைச் செலவு மட்டுமே அதில் அடங்கும். அரிய கட்டியின் பெயரை உறுதி செய்யப் பல வாரங்கள் ஆகின்றன. சிகிச்சைக்கு அனுமதி பெற, திசு ஆய்வறிக்கையைக் காட்ட வேண்டும். அந்த அறிக்கையைப் பெறும் செலவோ பெரும்பாலும் நோயாளியின் தலையில்.

2024 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கையில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அளிக்கப்பட்டது. அவற்றில் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், ஓசிமெர்டினிப் ஆகிய இரண்டையும் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவை திசுவின் புரத, மரபணு பரிசோதனைகளே. 2025 பிப்ரவரியில், 3 ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல் நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க அறிவிப்புகள்தாம். ஆனால், மருந்தைப் பற்றிப் பேசும்போது எழும் குரல், பரிசோதனையைப் பற்றிப் பேசும்போது அவையில் எழுவதில்லை.

மக்கள் நல்வாழ்வுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் அளித்த 139-ஆவது அறிக்கை இதில் குறிப்பிடத்தக்க முயற்சி. அதன் தலைப்பிலேயே "நோயறிதல்' என்ற சொல் இடம்பெற்றது. புற்றுநோயைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்க வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. ஆனால், தவறான பெயருடன் பதிவாகும் நோய், கணக்கெடுப்பையும் தவறாக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டு தேசியக் கொள்கையோ, பெரும்பாலும் பிறவியிலேயே வரும் மரபுவழி நோய்களையே பட்டியலிடுகிறது.

அருகிலேயே ஆய்வகங்கள்: வசதிகள் அடியோடு இல்லை என்று கூற முடியாது. கரமனைக்கு அருகே பூஜப்புரையில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2007-இல் ஏற்றுக்கொண்ட ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கு அறுவைச் சிகிச்சை செய்யப்படும் மூளைக் கட்டிகளுக்கு இன்று பெயர் சூட்டுவதே, 2016-இல் உலக சுகாதார அமைப்பு மாற்றிய முறைப்படி, மரபணுவையும் சேர்த்துப் பார்த்துத்தான். மும்பை டாடா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்த் தொகுப்பு, நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளை இணைத்திருக்கிறது.

இந்த வசதிகளுக்கும் மாவட்ட மருத்துவமனையின் அறுவை அரங்குக்கும் இடையேதான் பாலம் இல்லை. அகற்றிய திசுவை உடனடியாக, அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத பார்மலின் கரைசலில் இட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் வைத்திருப்பது நல்லது. தாமதித்தாலோ, வெறும் உப்பு நீரில் போட்டு அனுப்பினாலோ திசு அழுகத் தொடங்கும். எலும்புத் திசுவை வீரியமான அமிலத்தில் ஊறவைத்தால் மரபணு சிதைந்துவிடும். அதன் பிறகு உலகின் எந்த ஆய்வகத்தாலும் அதை வாசிக்க இயலாது. பல லட்ச ரூபாய் மதிப்புள்ள சிகிச்சையின் வெற்றி, சில நூறு ரூபாய் பார்மலினைச் சார்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஐயத்துக்கு இடமான ஒவ்வொரு கட்டியின் பிளாக்கும் மண்டல மையத்தின் மறு ஆய்வுக்குச் செல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான புரத, மரபணு பரிசோதனைச் செலவை, நோயாளி மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னரே காப்பீட்டுத் திட்டம் ஏற்க வேண்டும். மாநில எல்லை அதற்குத் தடையாக இருக்கக் கூடாது. பகல் நேரச் சிகிச்சை மையங்களுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதி நோய்க்குறியியல் துறைக்கும் செல்ல வேண்டும். நோயாளிகளும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அறிக்கையை மட்டுமன்றி, பிளாக் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இக்கட்டுரையாளரின் உறவினருக்கு மாற்றம் 11-ஆவது பகுதியில் இருந்தது. தினமும் 400 மில்லிகிராம் இமாடினிப் சாப்பிடுகிறார். கல்லீரலில் இருந்த கட்டிகள் சுருங்கிவிட்டன, முற்றிலும் மறையவில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டு, கரமனை வீட்டுக்குத் திரும்புகிறார். இழந்த ஓராண்டைப் பற்றி அவர் பேசுவதில்லை.

2005-இல் ஒரு மருந்தின் விலைக்காக நாடாளுமன்றம் உறுதியுடன் நின்றது. அந்த மருந்து உரியவரின் கைக்குச் சேர, அதே உறுதி நோயின் பெயரைக் கண்டறிவதிலும் தேவை. அதுவரை, மெழுகுக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரமனைப் பாலத்தைக் கடப்போரில் எத்தனை பேருக்குச் சரியான பெயர் கிடைத்திருக்கிறது என்ற கேள்வி நீடிக்கும்.