தாமரைக்கு அல்லி உறவா?

மலாய் மொழியில் ‘தெராத்தாய்’ என்றால் எந்தப் பூ? தாமரை என்பார் ஒருவர். அல்லி என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் சரிதான். பேச்சு வழக்கில் இரண்டுக்கும் அதே பெயர். தாமரைக்கு மட்டும் ‘செரோஜா’ என்ற பெயரும் உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு வைக்கும் ‘சரோஜா’தான் அது. வடமொழியில் ‘குளத்தில் பிறந்தது’ என்று பொருள்.

பெயர்க் குழப்பம் அறிவியலாளர்களையும் விடவில்லை. உயிரினங்களுக்கு இரு சொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1753ஆம் ஆண்டில் தாமரையை அல்லியின் பேரினமான ‘நிம்ஃபேயா’வில் சேர்த்துவிட்டார். இன்று வழங்கும் ‘நெலும்போ நூசிஃபெரா’ என்ற பெயரை 1788இல் சூட்டியவர் ஜெர்மானியரான கார்ட்னர். ‘நெலும்’ என்பது தாமரையைக் குறிக்கும் சிங்களச் சொல். ‘நூசிஃபெரா’ என்றால் லத்தீனில் ‘கொட்டை தருவது’.

பிற்காலத்தில் மரபணு ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது. தாமரையின் நெருங்கிய சொந்தம் அல்லி அல்ல. மெக்கடேமியா கொட்டை மரம் அடங்கிய வரிசையில்தான் தாமரையும் இருக்கிறது! நீரில் வாழும் வாழ்க்கைதான் இரண்டு பூக்களையும் ஒன்றுபோல் காட்டுகிறது.

குளக்கரையில் நின்றே இவற்றைப் பிரித்தறியலாம். அல்லி இலை நீரில் மிதக்கும். அதில் காம்பு சேரும் இடம் வரை ஒரு பிளவு இருக்கும். தாமரை இலையில் பிளவு இல்லை. காம்பு நடுவில் இணைந்திருக்கும். முதிர்ந்த இலைகள் நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். பூவின் நடுவே துளைகள் கொண்ட கூம்பு தெரிந்தால் அது தாமரைதான்.

சரியான பெயர் ஏன் முக்கியம்? தாமரைக்குப் பெயர்பெற்ற பகாங், தாசேக் சினி ஏரியில் தென்னமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்ற நீர்த்தாவரமும் பரவியுள்ளது. ‘ஏரியில் நீர்ச்செடி நிறைய இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால், காக்க வேண்டியது எது, களைய வேண்டியது எது என்று எப்படித் தெரியும்?

மாணவர்களே, அறிவியல் பெயரை எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்து மட்டுமே பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். கையால் எழுதினால் இரண்டு சொற்களையும் தனித்தனியே அடிக்கோடிடுங்கள். தட்டச்சு செய்தால் சாய்வெழுத்தில் அமையுங்கள். அடுத்த முறை குளத்தருகே போகும்போது, பூவைப் பார்ப்பதற்கு முன் இலையைப் பாருங்கள்.