நிலக்கரியும் உருக்கும் வளர்த்த உறவு

வரப்புத் தகராறில் வெட்டிக்கொண்ட இரு குடும்பங்கள் மீண்டும் அருகருகே வாழ வேண்டுமானால், முதலில் மனம் மாற வேண்டுமா? அல்லது, முதலில் ஓர் ஏற்பாடு வேண்டுமா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பா இக்கேள்விக்கு அளித்த விடை நாம் அறியத் தக்கது.

1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மூண்ட மூன்று போர்களிலும் பிரான்சும் ஜெர்மனியும் எதிரெதிரே நின்றன. லொரேன் பகுதியில் இரும்புத் தாது. ரூர் பிரதேசத்தில் நிலக்கரி. இவை கூடினால் உருக்கு. உருக்கு இருந்தால் பீரங்கி! முதற்போரின் நஷ்ட ஈடாக ஜெர்மனி தரவேண்டிய கரி குறையவே, 1923-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூரில் புகுந்தன. தொழிலாளர் வேலை செய்ய மறுத்தனர். துப்பாக்கி முனையில் விளைந்தது கசப்புத்தான்.

1945-க்குப் பின் ழான் மொன்னே வேறு வழி வகுத்தார். அதனைப் பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன் 1950 மே 9-ஆம் நாள் அறிவித்தார். இவர் பிறப்பால் ஜெர்மன் பிரஜை. பின்னர் பிரெஞ்சுப் பிரஜையானவர். இரு நாட்டுக் கரி, உருக்கு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகார சபையின்கீழ் வைப்பது, பிற நாடுகளும் சேரலாம் என்பதே திட்டம்.

மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவர் உடனே இசைந்தார். தோற்ற நாட்டுக்கு அது சம ஆசனம் அளித்தது அல்லவா? பிரான்சுக்கோ, அயலான் மறைவில் ஆயுதம் வடிக்க முடியாது என்ற உறுதி கிடைத்தது. இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகியவையும் சேர, 1951 ஏப்ரல் 18-இல் பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. பிரிட்டன் விலகி நின்றது.

1952-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. சபையின் 9 உறுப்பினரும் தத்தம் சர்க்காரின் கட்டளையை ஏற்கலாகாது என்பது விதி. சபை உற்பத்தியின்மீது தானே வரி விதித்தது; வேலையிழந்த தொழிலாளருக்கு அதிலிருந்து உதவியும் அளித்தது.

இடறலும் உண்டு. பொதுப் படை அமைக்கும் யோசனையை 1954-இல் பிரெஞ்சுப் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. ஆயினும் அதே ஆறு நாடுகள் 1957-இல் ரோமில் பொதுச் சந்தைக்கு உடன்பட்டன. அதன் வளர்ச்சியே 1993-இல் பிறந்த ஐரோப்பிய யூனியன். கரி, உருக்கு ஒப்பந்தம் 50 ஆண்டுத் தவணை முடிந்து 2002-இல் மறைந்தது, உறவு மறையவில்லை.

ஆக, மனமாற்றத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. அயலானின் கணக்கைப் பார்க்கும் உரிமை வேண்டுமென்றால், தன் கணக்கையும் அவனுக்குக் காட்ட வேண்டும் என்று ஒப்பினார்கள். நம்பிக்கை அதன் பின்னரே வந்தது.